ரேட்டிங் சரியும்போது நிகழ்ச்சி வரிசையை மாற்றுவது எப்படி?

டிவி பார்வையாளர்களை அளவிடும் அமைப்பான பார்க் (BARC) இந்தியா வியாழக்கிழமைதோறும் வெளியிடும் ரேட்டிங் புள்ளிகள் ஓரிரு வாரம் சரிந்ததற்காக ஒரு தொடரை நிறுத்திவிடக் கூடாது. கிரிக்கெட்டும் பண்டிகையும் எண்களைக் குலைக்கும் என்பதால், நான்கு வாரச் சராசரியையாவது பாருங்கள்.

பார்ப்பவர்கள் குறைந்தார்களா, அவர்கள் பார்க்கும் நேரம் குறைந்ததா என்பதை அடுத்ததாகப் பிரித்தறிய வேண்டும். நிமிடவாரிக் கணக்கை எடுத்துவைத்து, இரவு எட்டு மணித் தொடரின் முதல் விளம்பர இடைவேளையில் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று கவனியுங்கள். திரும்பவில்லையென்றால், இடைவேளைக்கு முந்தைய காட்சி எதிர்பார்ப்பை விட்டுச்செல்லவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அதை எழுத்தாளரும் படத்தொகுப்பாளரும் சேர்ந்து திருத்திவிடலாம். விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் மறவாதீர்கள்.

வடிவத்தையே மாற்றுவதானால், புதிய முயற்சியை வார இறுதியில் தொடங்குங்கள். ஒரு தொடரின் பார்வையாளர்களே அடுத்த தொடருக்கும் அமர்ந்திருப்பதால், பிரைம் டைம் முழுவதையும் ஒரே நேரத்தில் கலைப்பது ஆபத்தானது.

நிறுத்துவதென்று முடிவானால், கதைக்கு முறையான கிளைமாக்ஸ் கொடுங்கள். சாலிகிராமம், வளசரவாக்கம் படப்பிடிப்புகளில் நாள் சம்பளத்துக்கு உழைக்கும் லைட்மேன்களுக்கும் ஒப்பனைக் கலைஞர்களுக்கும், வேறு வேலை தேடிக்கொள்ளும் அளவுக்கு முன்னதாகவே கட்டாயம் தெரிவித்துவிடுங்கள்.