ஹாட் ராட் இன்ஜினுக்கு எத்தனை சிஎஃப்எம் கார்புரேட்டர் போதும்?

ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "750 சிஎஃப்எம் கார்புரேட்டர் போடலாமா, 850 போடலாமா?" என்றுதான். சிஎஃப்எம் என்பது கார்புரேட்டர் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை விடும் என்ற அளவு. நான் பதிலுக்கு மூன்று விஷயம் கேட்பேன். இன்ஜின் எத்தனை கன அங்குலம், வண்டியை நிஜமாகவே எவ்வளவு ஆர்பிஎம் வரை விரட்டப் போகிறீர்கள், கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா. இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு எளிதுதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. அதனால் கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று வந்துவிடும். 350 கன அங்குல ஷெவர்லே இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்பிஎம்முக்கு 608 வருகிறது. ஆனால் ரோட்டில் ஓடும் இன்ஜின் எதுவும் சிலிண்டரை முழுசாக நிரப்பிக்கொள்வதில்லை. 85 சதவீதம் என்று வைத்தால் 516. ஆக, எல்லோரும் 750 தேடும் இந்த இன்ஜினுக்கு 600 தாராளம்.

"கொஞ்சம் பெரிசா இருந்தா என்ன?" என்பார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை மெயின் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக இழுப்பது காற்றின் வேகம்தான். வெஞ்சுரியின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பெட்ரோலை மேலே வரவழைக்கிறது. கழுத்து அகலமாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று சோம்பிப் போகும், பெட்ரோல் சரியாகத் தூளாகாது. சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி திணறும், பிளக் கறுத்துப்போகும். ரோட்டில் ஓட்டும் வண்டி பெரும்பாலும் இருப்பது அந்தக் குறைந்த ஆர்பிஎம்மில்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நாலு பேரல் (காற்று போகும் நாலு துளையுள்ள) கார்புரேட்டரை 1.5 அங்குல பாதரச அழுத்த இறக்கத்தில் அளக்கிறார்கள். இரண்டு பேரலை 3 அங்குலத்தில். அதனால் 500 என்று போட்டிருக்கும் இரண்டு பேரல், நாலு பேரல் கணக்கில் 354 அளவுதான். இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

அடுத்து செகண்டரி, அதாவது நாலு பேரலில் அதிகக் காற்று வேண்டும்போது மட்டும் திறக்கும் இரண்டு. எப்போதும் வேலை செய்யும் மற்ற இரண்டும் பிரைமரி. எடை கூடிய வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் என் வாக்கு வேக்யூம் செகண்டரிக்குத்தான். இன்ஜின் கேட்கும்போது மட்டும் அது திறக்கும். அளவு கொஞ்சம் கூடியிருந்தாலும் பொறுத்துப்போகும். எடை குறைந்த வண்டி, மேனுவல், பின் ஆக்சிலில் பல் விகிதம் அதிகம் என்றால் பெடலோடு சேர்ந்தே திறக்கும் மெக்கானிக்கல் செகண்டரி, அதாவது டபுள் பம்ப்பர், நன்றாக இருக்கும். ஹாலி கம்பெனி கார்புரேட்டரில் வேக்யூம் செகண்டரி எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க ஒரு பேப்பர் கிளிப் போதும். செகண்டரியைத் திறக்கும் டயாஃப்ரம் தண்டில் கிளிப்பை மாட்டி, டயாஃப்ரம் கூட்டின் அடிப்பக்கத்தை ஒட்டி நகர்த்தி வையுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை முழு மிதி மிதித்துவிட்டு வந்து பாருங்கள். தண்டு உள்ளே போன அளவுக்குக் கிளிப் கீழே தள்ளப்பட்டிருக்கும். கிளிப் அசையவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் இன்ஜினுக்கு ரொம்பக் கடினம்.

ஜெட் மாற்றிப் பழக்கமில்லாதவர்களுக்கு எடல்பிராக்கின் பழைய கார்ட்டர் ஏஎஃப்பி வழி வந்த கார்புரேட்டரைச் சொல்வேன். மேல்மூடியைக் கழற்றாமலே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மீட்டரிங் ராடை மாற்றலாம். ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். சின்ன பிரைமரி, பெரிய செகண்டரி என்பதால் சீரான ஓட்டத்துக்கு அருமையானது. ஆனால் அது ஸ்பிரெட்போர், அதாவது துளைகள் ஒரே அளவில் இல்லாதது. அது உட்காரும் மேனிஃபோல்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8-க்கு எனக்குப் பிடித்தது இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர். அந்த 97, வெஞ்சுரியின் விட்டம் 0.97 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. மூன்று போட்டால் அழகு கூடும்; ரோட்டு இன்ஜினுக்கு இரண்டே போதும். பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் 3 பிஎஸ்ஐ-க்குக் கீழே வையுங்கள். ஹாலிக்குச் சரியான 6 பிஎஸ்ஐ-யை இதற்குக் கொடுத்தால் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழிவது விளையாட்டல்ல. ரெகுலேட்டரும் கேஜும் கட்டாயம்.

கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருந்தால் ஹாலியின் பவர் வால்வையும் பார்த்தே ஆக வேண்டும். அநேகமாக 6.5 என்று எண் போட்டது உள்ளே இருக்கும், மேனிஃபோல்டின் வேக்யூம் 6.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே போனால் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். முரட்டு கேம் போட்ட இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியரில் நிற்கும்போது 6 அங்குலம்தான் காட்டுகிறது என்றால், வால்வு ஐடிலிங்கிலேயே திறந்து கிடக்கும். ஐடில் வேக்யூமைக் கேஜ் வைத்து அளந்து, அதில் பாதி எண்ணுள்ள வால்வைப் போடுங்கள். 9 அங்குலம் வந்தால் 4.5. ஆட்டோமேட்டிக்கில் அளக்கும்போது பிரேக்கை அழுத்தி, கியரில் வைத்தே அளக்க வேண்டும்.

700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளுக்குச் சரியான பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள். அந்தக் கேபிள்தான் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை முடிவு செய்கிறது. கோணம் தப்பினால் உள்ளே கிளட்ச் கருகிவிடும்.

எல்லாம் மாட்டியபின் வேக்யூம் கேஜை மேனிஃபோல்டில் இணைத்து, முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம் பக்கம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1 முதல் 1.5 அங்குலம் வரை என்றால் அளவு சரி. 2-ஐத் தாண்டினால் கார்புரேட்டர் சின்னது என்று அர்த்தம். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு வேலை: இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, ஒருவரைப் பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் த்ராட்டில் தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பல வண்டிகளில் பெடல் தரைவிரிப்பில் முட்டி, முக்கால்வாசியிலேயே நின்றுவிடும். அப்படியிருந்தால் லிங்கேஜைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.