மாரிக்கும் கச்சானுக்கும் நடுவில்: வன்னி வளவுத் தோட்டத்தில் நாம் விடும் பிழைகள்

தோட்டத்தில் ஏதாவது பட்டுப்போனால் விதை கூடாது என்போம், இல்லாவிட்டால் மண் கூடாது என்போம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளப் பக்கத்தில் எங்கள் வளவில் (வீட்டைச் சுற்றிய காணியில்) இத்தனை வருடமாகச் செத்த கன்றுகளை யோசித்துப் பார்த்தால், அரைவாசிக்கு மேல் நான் நாள் பிந்தி நட்டவை, அல்லது அவசரப்பட்டு நட்டவை.

வன்னியில் மழை வருடம் முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி; வருடத்து மழையில் பெரும்பங்கு அதற்குள்ளேயே கொட்டி முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் பின்னேரங்களில் கொஞ்சம் இடிமழை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிகிற காலத்தில் கச்சான் காற்று எழும்பும் (தின்கிற கச்சான், அதாவது நிலக்கடலை இல்லை; தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று). புரட்டாதி வரை அது விடாது.

முதல் பிழை, மழையைக் கண்ட பிறகு மிளகாய் விதையைத் தேடுவது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்று மேடையில் நான்கைந்து கிழமை வேண்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விதை போட்டால், கன்று பிடுங்கி நடுகிற நேரம் கார்த்திகை நடுப்பகுதி. அப்போது மழை சும்மா பெய்யாது, மண்ணை அறைந்து பெய்யும். ஒருமுறை நாற்பது கன்றை மாலையில் நட்டுவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் இலையெல்லாம் சேறு அப்பித் தரையோடு கிடந்தன. நிமிர்த்தி வைத்தும் இரண்டு நாளில் தண்டின் அடி நூல்போல் மெலிந்து அழுகி விழுந்தன. ஆவணி நடுவிலேயே நாற்று மேடை போட்டால் புரட்டாதி முடியுமுன் கன்று தயார். பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஆவணி வெயிலுக்கு மேடையின் மேல் கிடுகால் (பின்னிய தென்னோலையால்) ஒரு சின்னப் பந்தல் போதும். மேடை மண்ணில் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்துவிட்டு விதைத்தால் நாற்றழுகல் குறையும். சுற்றிவர அடுப்புச் சாம்பல் தூவாவிட்டால் விதையை எறும்பு காவிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, எல்லாக் காலத்துக்கும் ஒரே பாத்தி. கோடையில் தண்ணீர் நிற்கட்டும் என்று பள்ளமாக வெட்டிய பாத்தியையே மாரிக்கும் விட்டுவிடுகிறோம். முல்லைத்தீவுப் பக்கச் செம்மணலில் தண்ணீர் கீழே இறங்கிவிடும், தப்பலாம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் ஓரமாக வளவு உள்ளவர்களுக்கு அது நடக்காது. களிமண், தண்ணீர் நாட்கணக்கில் நிற்கும், வேர் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சாண் உயர்த்திய மேடைப் பாத்தி, இடையில் வாய்க்கால், வாய்க்கால் தண்ணீர் வெளியே போக ஒரு வழி. அதுவும் மழைக்கு முன் வெட்ட வேண்டிய வேலை. நனைந்த களிமண்ணில் மண்வெட்டி போட்டால் கட்டிகட்டியாக எழும்பிக் காய்ந்து கல்லாகிவிடும்.

சித்திரை மழை ஒரு ஏமாற்றுக்காரி. மண் மணக்கும், புல் பச்சை பிடிக்கும், கை பரபரக்கும். நான் ஒரு வருடம் அந்த ஈரத்தை நம்பி வெண்டி, தக்காளி, புடோல் என்று எல்லாம் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, கச்சான் வரப்போகுது, இதில தக்காளியை ஆர் நடச் சொன்னது?" என்றார். ஆனியில் பூவெல்லாம் உதிர்ந்து வெறும் செடி நின்றபோதுதான் விளங்கியது. அந்த ஈரத்துக்குப் பயறு, கௌபி, எள்ளு சரி. பயறு இரண்டு மாதத்துக்குள் வேலையை முடித்துவிடும். தக்காளிக்குத் தை, மாசிக் குளிரில் பூக்கிற மாதிரி நாள் கணக்கிட வேண்டும். இரவும் வெக்கையாக இருந்தால் பூ தங்காது.

அடுத்தது கொஞ்சம் கோபம் வரக்கூடிய விஷயம். விடிந்ததும் விளக்குமாற்றோடு முற்றத்தைக் கண்ணாடி மாதிரிக் கூட்டி, குப்பையை மூலையில் குவித்து நெருப்பு வைப்பது. முற்றம் துப்புரவாக இருக்க வேண்டும், மறுக்கவில்லை. சருகுக்குள் புடையன் பாம்பு கிடக்கும் என்ற பயமும் வன்னியில் வெறும் பயம் இல்லை. ஆனால் எரிகிற அந்த வேப்பம், பூவரசம் சருகுதான் கச்சான் காலத்தில் பாத்திக்குப் போர்வை. வீட்டையும் நடைபாதையையும் கூட்டுங்கள். சருகை வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பாத்திகளில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். வேலிக் கிளிசரியாவின் குழையையும் வெட்டி அதன்மேல் போடலாம், உக்கினால் நல்ல பசளை. மூடிய பாத்தியையும் மூடாத பாத்தியையும் மத்தியானத்தில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உள்ளங்கைக்கே தெரியும்.

கச்சானில் தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு பழக்கம் உண்டு: தினமும் பூவாளியால் மேலோட்டமாக ஒரு தெளிப்பு. மேல் மண் கறுத்து நனைந்த மாதிரித் தெரியும். சுட்டுவிரலை இரண்டாம் மடிப்பு வரை விட்டால் உள்ளே தூள். வேரும் ஈரத்தைத் தேடி மேலே வந்து, வெயிலில் அகப்பட்டுவிடும். வேர் பிடித்த செடிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, பொழுது சாயும்போது, அடியில் ஆழமாக விடுவது நல்லது. சின்னக் கன்றுக்கு இது பொருந்தாது, அதற்குத் தினமும் வேண்டும். தக்காளிக்கு ஒருநாள் வெள்ளம், நான்கு நாள் வரட்சி என்று விட்டால் காயின் அடி கறுத்து அழுகும். அதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கச்சான் காற்று தண்ணீர்க் குறைவை விடவும் மோசம். மேற்கு, தென்மேற்குப் பக்கம் கிடுகோ தென்னோலையோ கட்டிவிட்டாலே பயற்றங்கொடி பாதி தப்பும்.

எரு விஷயத்தில் வன்னியில் பஞ்சம் இல்லை, மாடு நிற்கிறது. அதனால்தான் பச்சைச் சாணத்தை அப்படியே அள்ளிக் கன்றின் அடியில் போடுகிறோம். அது சூடேறி வேரைச் சுடும், புழுவும் வைக்கும். நிழலில் குவித்து, இடைக்கிடை புரட்டி, மணம் போய் மண் மாதிரி உதிரும் வரை இரண்டு மூன்று மாதம் விட்டால் போதும்.

முருங்கையை மாரிக்கு முன் தறித்துவிடுங்கள், அது முறிந்து விழுகிற மரம். வேலிக்குக் கதியால் (துளிர்க்கிற தடி) போடுவதென்றால் முதல் மழையோடு. தென்னம்பிள்ளைக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழியை ஆவணியிலேயே வெட்டி வைக்கலாம். அடியில் இரண்டு அடுக்குத் தேங்காய்ப் பொச்சு மட்டை, உட்புறம் மேலே பார்க்க. மழை முடிந்த பிறகும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குரங்குக்கு மட்டும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. போன கிழமை வலைக்கு மேலே இருந்துகொண்டு என் பப்பாசியைத் தின்றது.