வதிவிடக் கலைஞர் திட்டம்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியிலிருந்து ஒரு கலைஞர் வந்து, பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தங்கி, மாணவரோடும் ஊர்க் கலைஞரோடும் சேர்ந்து ஒரு படைப்பை உருவாக்குவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கூத்துக்காரரோடு வேலை செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டாளியைத் தேடுகிறார்கள். தலைப்பு, மேடை, நாள், அழைப்பிதழ் எல்லாம் தயாரான பின் தோட்டத்துக்குப் போய், "காமன் கூத்தில் இருபது நிமிடம் ஆடித் தருவீர்களா?" என்று கேட்பதற்குப் பெயர் ஆள் பிடிப்பது.

காமன் கூத்து கேட்ட மாதத்தில் கிடைக்காது. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, ரதி, மன்மதன் வேடம் கட்டுபவர்கள் விரதம் இருந்து ஆடும் சடங்கு அது. ஆகஸ்டில் கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த மாதங்களில் பாட்டையும் ஆட்டத்தையும் கற்றுத்தரக் கேட்கலாம். எதை வெளியே காட்டலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

கூத்தைச் சுருக்குவதே குற்றம் என்பதல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ என்று சுருக்கி மேடையேற்றினார். அங்கே கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும் கூத்தோடு வளர்ந்த மாணவரும் உடனிருந்தார்கள். வெட்டும்போது "இது போகக் கூடாது" என்று சொல்ல ஆள் இருந்தது.

கூத்துக்கு அடிக்கும் தப்பு என்ற தோல் வாத்தியத்தை மறந்துவிடுவது இன்னொரு வழக்கம். மலைக்குளிரிலும் சாரலிலும் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலையோ பழைய தாளையோ கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். கேட்போர் கூடத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே ஓர் ஒதுக்கிடம் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. இடம் கிடைத்தாலும், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை என்று நீண்டால் காய்ச்சியது வீண். கடைசியில் பழி தப்படிப்பவர் மேல் விழுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் தவறுதான். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகாதவருக்கு அன்றைய பேர் இல்லை; அந்த நாள் சம்பளமும் இல்லை. பகல் ஒத்திகைக்கு அழைத்துவிட்டுச் சான்றிதழும் பொன்னாடையும் கொடுப்பது, அவர் பிள்ளைகளின் சோற்றில் கை வைப்பதற்குச் சமம். இழந்த நாளின் சம்பளத்தைத் தனியாகவும், கலைக்கான ஊதியத்தைத் தனியாகவும் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒத்திகை வைத்தால், அன்றிரவே பேராதனைக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தங்க இடம் பாருங்கள்.

சிங்களமும் தமிழும் தெரிந்த மலையக மாணவி ஒருத்தி குழுவில் இருந்தால், திட்டம் முடியும் வரை அவளே சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறாள். அவளும் படைக்க வந்தவள்தான். மொழிபெயர்க்கத் தனி ஆளை அமர்த்துங்கள்.

ஒளிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளரின் உரிமையையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் தனித்தனியே பேசுகிறது. மாணவர் பெயரெல்லாம் வரிசையாக வர, ஆடியவர்கள் மட்டும் ‘தோட்டக் கலைஞர்கள்’ என்று ஒரே வரியில் அடங்கிவிடக் கூடாது. பதிவின் பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டுக் கூத்து வாத்தியார் கையிலேயே கொடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், சிக்னல் கிடைக்காத இடத்துக்கு இணைய முகவரி அனுப்பிப் பயனில்லை.