பிரேயஸிலிருந்து நக்சோஸ் தீவுக்குக் கப்பலில் சென்று திரும்புவது எப்படி?

ஏதென்ஸ் நகரின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஏறக்குறைய 100 கடல் மைல் தொலைவில் இருக்கும் நக்சோஸ், சிக்ளாடிஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியது. கோடையில் நாள்தோறும் பல கப்பல்கள் அங்கே செல்வதால், கிரேக்கத் தீவுப் பயணத்தைப் புதிதாகப் பழகுவோருக்கு இது ஏற்ற வழித்தடம்.

படி 1: திரும்பும் நாளை முதலில் குறியுங்கள்

போகும் நாளை முடிவு செய்துவிட்டுத் திரும்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் ‘மெல்தெமி’ என்னும் வடகாற்று நாள்கணக்கில் வீசும். காற்றின் வேகம், 0 முதல் 12 வரை செல்லும் போஃபோர்ட் அளவில் 8-ஐத் தொடும்போது, பெரிய கப்பல்களும் துறைமுகத்தை விட்டுப் புறப்படக் கடலோரக் காவல்படை பொதுவாகத் தடை விதிக்கும். அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடுவதுண்டு. கப்பல் பணியாளர்களின் 24 மணிநேர வேலைநிறுத்தமும் அவ்வப்போது நடக்கும். பயணம் ரத்தானால் கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறொரு நாளுக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் அதனால் தவறிப்போன விமானத்துக்குக் கப்பல் நிறுவனத்தார் பொறுப்பல்லர். ஆகவே, ஊர் திரும்பும் விமானத்துக்கு முழுதாக ஒரு நாள் முன்னதாகவே தீவை விட்டுப் புறப்பட்டு, அன்றிரவு ஏதென்ஸில் தங்குமாறு திட்டமிடுங்கள்.

படி 2: கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

வழக்கமான பெரிய கப்பல் ஐந்து முதல் ஐந்தரை மணிநேரத்தில் நக்சோஸை அடையும். அதிவேகப் படகு ஒன்றரை மணிநேரம் வரை மிச்சப்படுத்தும். ஆனால் கட்டணம் கூடுதல், பெரும்பாலும் உள்ளேயே அமர்ந்திருக்க வேண்டும், அலை எழுந்தால் குமட்டலும் அதிகம். முதல் பயணத்துக்கு நான் பெரிய கப்பலையே சொல்வேன். திறந்த மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்க முடியாவிட்டால் கப்பலில் போவதில் என்ன இருக்கிறது?

படி 3: பயணச்சீட்டு

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயரோடு தலைப்பெழுத்து மட்டும் போட்டுப் பழகியவர்கள், கடவுச்சீட்டில் அந்த எழுத்து எப்படி விரிக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே பதிவு செய்ய வேண்டும். மிகக் குறைந்த கட்டணத்தில் இருக்கை எண் கிடையாது. சிறிது கூடுதலாகக் கொடுத்தால் எண்ணிட்ட இருக்கை கிடைக்கும். ஆகஸ்ட் 15 அன்று வரும் மாதா திருநாளையொட்டிக் கிரேக்கர்களே கூட்டமாகத் தீவுகளுக்குப் போவதால், அந்த வாரத்துக்கு வெகுமுன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.

படி 4: துறைமுகத்தை அடைதல்

2022 முதல் விமான நிலையத்திலிருந்து மூன்றாம் மெட்ரோ வழித்தடம் நேராகப் பிரேயஸ் வரை வருகிறது; பயணம் ஏறத்தாழ ஒரு மணிநேரம். துறைமுக வாயில்கள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோடு 1 முதல் 12 வரை எண்ணிடப்பட்டவை. நக்சோஸ் கப்பல்கள் பெரும்பாலும் மெட்ரோ நிலையத்துக்கு எதிரேயுள்ள ஈ6, ஈ7 பகுதியிலிருந்து புறப்படும் என்றாலும், உங்கள் பயணச்சீட்டில் உள்ள வாயிலையே நம்புங்கள். ரோட்ஸ் தீவுக் கப்பல்கள் நிற்கும் ஈ1-க்குத் தவறிப் போய்விட்டால் பெட்டியோடு வெகுதூரம் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். ஒரு மணிநேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

படி 5: ஏறுதலும் இறங்குதலும்

கப்பலின் பின்புறச் சாய்தளம் வழியாக லாரிகளும் கார்களும் ஏறும்போதே பயணிகளும் ஏறுவார்கள், ஓரமாகச் செல்லுங்கள். வாகனத் தளத்தில் தீவின் பெயர் எழுதிய அடுக்குகளில் பெரிய பெட்டிகளை வைத்துவிட்டு, கடவுச்சீட்டையும் பணத்தையும் மருந்துகளையும் கையோடு மேலே கொண்டுபோக வேண்டும்.

பல கப்பல்கள் முதலில் பாரோஸ் தீவில் நிற்கும். எல்லோரும் இறங்குகிறார்களே என்று கூடவே இறங்கிவிடாதீர்கள். நக்சோஸுக்கான அறிவிப்பு வந்ததும் வாகனத் தளத்துக்கு இறங்கிவிடுங்கள், ஏனெனில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். துறைமுகத்தருகே தனித்து நிற்கும் பெரிய பளிங்கு வாயில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் போன கோயிலின் எச்சமாகிய ‘போர்தாரா’. அது தெரிந்தால் சரியான தீவுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

படி 6: திரும்புதல்

திரும்பும் கப்பல் பெரும்பாலும் சாந்தோரினி போன்ற தீவுகளைத் தொட்டுவிட்டு வருவதால், அங்கே ஏற்படும் தாமதம் இங்கேயும் தொடரும். பதிவு செய்தபோது கொடுத்த கைப்பேசி எண்ணைக் கிரேக்கத்திலும் இயங்கும் நிலையில் வைத்திருங்கள். நேர மாற்றங்கள் குறுஞ்செய்தியாக வரும். நள்ளிரவுக்குப் பின் பிரேயஸை அடைய நேர்ந்து, அங்கிருந்து விமான நிலையத்துக்கே போக வேண்டியிருந்தால், மெட்ரோ அப்போது ஓடாது. இரவு முழுவதும் செல்லும் எக்ஸ்96 பேருந்தில் ஏறுங்கள்.