முதல் டைவ் கம்ப்யூட்டர்: திரையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடித்துவிட்டு, நீருக்கடியில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கையில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே சுவாசிக்க உதவும் ரெகுலேட்டர், காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடி, காது அழுத்தத்தைச் சமன் செய்வது ஆகியவற்றுக்குள் போகவில்லை. பயிற்சியில் பேடி என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் அட்டவணையைப் படித்திருந்தால், 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் வரைதான் இருக்கலாம் என்ற எல்லைகள் நினைவிருக்கும். டைவ் முழுவதையும் அதன் மிக ஆழமான இடத்திலேயே கழித்ததாக வைத்துக்கொண்டு போடப்படும் கணக்கு அது. கம்ப்யூட்டர் நீங்கள் இருக்கும் ஆழத்தை இடைவிடாமல் அளந்து, உடலில் அதுவரை எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்பதைக் கணித்துக்கொண்டே வருகிறது. பல கருவிகளில் இயங்குவது, சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மான் உடலை 16 திசுப் பிரிவுகளாகக் கொண்டு வகுத்த கணக்கு முறையாகும்.

அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்; ஆடும் படகில் பொத்தான்களோடு போராடக் கூடாது. அளவு மீட்டரில், நீர் உப்பு நீரில், வாயு காற்றில் இருக்க வேண்டும். அடுத்தது, கருவி எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிட வேண்டும் என்ற தேர்வு. சூன்டோ ஸூப் நோவோ என்ற மாடலில் அது பி0, பி1, பி2 என்றும், ஷியர்வாட்டர் பெரெக்ரினில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற வகையிலும் இருக்கும். புதியவர்கள் ஒரு படி கூடுதல் எச்சரிக்கையில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. முந்தைய இரவு நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்பதோ, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்திருக்கிறீர்கள் என்பதோ கருவிக்குத் தெரியாது.

அடுத்து, பெரும்பாலோர் தொடாமலே விட்டுவிடும் ‘பிளான்’ பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வோர் ஆழத்துக்கும் எத்தனை நிமிடம் அனுமதி என்பதை அது வரிசையாகக் காட்டும். முதல் டைவ் முடிந்து படகில் ஏறியதும் அதே பகுதியை மறுபடியும் பாருங்கள். காலையில் பார்த்த நிமிடங்கள் குறைந்திருப்பதைக் கண்டால், உடலில் நைட்ரஜன் எஞ்சியிருப்பது என்றால் என்னவென்று ஒரு வகுப்பும் புரியவைக்காத அளவுக்குப் புரியும்.

இனி, நான் தடுக்கி விழுந்த இடம். புதுச்சேரிக் கடலில் அன்றைய இரண்டாவது டைவ். 18 மீட்டர் ஆழம். திரையில் ஆழத்தைத் தவிர 31, 9 என்று இரண்டு எண்கள் தெரிந்தன. எங்களை வழிநடத்திய டைவ் மாஸ்டர் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்று சைகையில் கேட்டபோது, 31 என்று நிம்மதியாகக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே ஆழம் குறைந்த பக்கமாக அழைத்துச் சென்றார். 31 என்பது நீருக்குள் நான் ஏற்கெனவே கழித்திருந்த நேரம். டீகோ நிறுத்தம், அதாவது மேலேறும் வழியில் உடலின் நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கும் நிறுத்தம், கட்டாயமாகிவிடாமல் அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம், அதாவது நோ டீகோ நேரம், 9 நிமிடம்தான். டைவின் தொடக்கத்தில் இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது. டைவ் நீள நீள, கழிந்த நேரம் ஏறிக்கொண்டும் மிஞ்சிய நேரம் இறங்கிக்கொண்டும் போவதால், தவறு செய்யக் கூடாத வேளையில்தான் அது மிகவும் ஆபத்தாகிறது.

எந்த மாடலிலும் இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கழிந்த நேரம் ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது. நோ டீகோ நேரமோ ஆழத்தைப் பொறுத்து இரு பக்கமும் நகரும். டைவ் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, 18 மீட்டரிலிருந்து 14 மீட்டருக்கு மெதுவாக ஏறிப் பாருங்கள். எந்த எண் சட்டென்று பெரிதாகிறதோ, அதுவே உங்கள் எல்லை. மிக ஆழம் குறைந்த இடத்தில் சில கருவிகள் 99 என்று காட்டுவதைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு இலக்கத்துக்கு மேல் காட்ட அங்கே இடமில்லை, அவ்வளவுதான். நோ டீகோ நேரம் ஏராளமாக இருந்தாலும் சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கலாம் என்பதால், அழுத்தமானியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேலேறும்போது பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் போனால் ஒலி எழுப்பும். நீருக்குள் அந்த ஒலி யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே காதை நம்பாமல் திரையைப் பாருங்கள். நான் கம்ப்யூட்டரை வலது கையில்தான் கட்டுகிறேன். பிசிடியின் காற்றை வெளியேற்ற இடது கையை உயர்த்தும்போது, அந்தக் கையில் இருக்கும் கருவி நீங்களே விரைந்து ஏறுவதாக எண்ணிக்கொண்டு வீணாக எச்சரிக்கும். பிறகு 5 மீட்டரில், முன்னெச்சரிக்கையாக 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப். பல கருவிகள் அந்த ஆழத்துக்கு வந்ததும் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடும். டீகோ நிறுத்தம் வேறு: அது கட்டாயம், அதைத் தவிர்த்து மேலே வந்தால் பல கருவிகள் ஒன்றிரண்டு நாள்களுக்குக் கணக்கிட மறுத்துவிடும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: சிலிண்டர் அழுத்தத்தையும் காட்டும் விலையுயர்ந்த மாடலை முதலிலேயே தேட வேண்டாம். எண்கள் பெரிதாக இருப்பதையும், பொத்தான்கள் எளிதாக இருப்பதையும் பாருங்கள். கிரெஸ்ஸி லியோனார்டோவில் ஒரே பொத்தான், ஸூப் நோவோவில் நான்கு. எனக்கு நான்கே பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்பதால். கைக்கடிகார வடிவில் வருபவை அழகானவைதாம். கலங்கிய நீரில் அவற்றின் சிறிய எண்களைப் படிக்க என் கண்களால் இயலவில்லை.

பின்சேர்க்கை: காற்றைவிட ஆக்சிஜன் அதிகமுள்ள கலவையான நைட்ராக்ஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கருவியை 32 விழுக்காடு ஆக்சிஜனில் வைத்துவிட்டுச் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், அது உண்மையைவிட அதிக நோ டீகோ நேரத்தைக் காட்டும். இது ஆபத்தான தவறு. மாறாக, காற்று என்று வைத்துவிட்டு நைட்ராக்ஸ் 32 சுவாசித்தால் நேரம் பாதுகாப்பான பக்கம் இருக்கும்; ஆனால் சுவாசிக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பார் என்ற பாதுகாப்பு எல்லையைத் தொடும் ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் எச்சரிக்கை வராது. எனவே ஒவ்வொரு டைவுக்கும் முன்பு வாயு அமைப்பைச் சரிபாருங்கள்.

புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்றே ஏற்காட்டுக்குக் காரில் போகலாமா என்று மற்றொருவர் கேட்டார். கூடாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறுவது, விமானத்தில் பறப்பதைப் போன்றதே. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல். கருவி அதைவிட அதிகமாகக் காட்டினால் அதையே பின்பற்றுங்கள். அந்தமானிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுபவர்கள் கடைசி நாளைக் கரையிலேயே கழிக்கும்படி திட்டமிட வேண்டியிருக்கும்.

ஒரே நாளில் இரண்டு டைவ்களுக்கு நடுவே நண்பரோடு கருவியை மாற்றிக்கொள்ளாதீர்கள். அதற்குத் தெரிந்தது அவர் உடலின் நைட்ரஜன் கணக்குதான். பேட்டரியையும் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள், ஏனெனில் சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றியதும் முந்தைய டைவின் கணக்கு அழிந்து, நீங்கள் அன்று நீரில் இறங்கவே இல்லை என்பதுபோல் அது தொடங்கிவிடும்.