டேஷ்போர்டு பல்பைக் கழற்ற ஒரு ரப்பர் குழாய்

பழைய காரின் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் பல்பு போய்விட்டால் விரல் நுழையாது, பிளையரும் நுழையாது. அரை அடி நீள ரப்பர் குழாய் போதும். உள்விட்டம் பல்பின் கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். 9 மி.மீ. பயனெட் பல்புக்கு (அழுத்தித் திருப்பி மாட்டும் வகை) 8 மி.மீ. குழாய் சரியாகக் கவ்வும்.

முதலில் பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். மீட்டருக்குப் பின்னால் ஒரு வயர் உரசினாலே புகை வரும். ஹோல்டரை மீட்டரிலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பழைய வயர் அறுந்துவிடும். குழாயைப் பல்பின் தலையில் செருகி, உள்ளே அழுத்தியபடியே இடப்பக்கம் திருப்புங்கள். அழுத்தாமல் திருப்பினால் குழாய்தான் வழுக்கும். புதுப் பல்பையும் அதே குழாயில் செருகித்தான் மாட்ட வேண்டும்.

புதிதும் எரியவில்லையா? பெரும்பாலும் குற்றம் பல்பில் இல்லை, ஹோல்டரில் படிந்த பச்சைக் களிம்பில். பென்சில் முனையில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் பளிச்சென்றாகிவிடும். பல்பு வாங்குமுன் கார் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 6 வோல்ட் பல்பை 12-இல் போட்டால் உடனே கருகும்.

எல்.இ.டி. மாட்டலாம், ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் மட்டும் வேண்டாம். ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) உள்ள பல கார்களில் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் போகிறது.