மோட்டார்ஹோமில் பல தொலைக்காட்சி சிக்னல்களை இணைக்கும் முறை

வீட்டு வசதிகளோடு பயணம் செய்யும் வண்டியான மோட்டார்ஹோமில் தொலைக்காட்சிக்கு என்ன சிக்னல் கிடைக்கும் என்பது வண்டி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் என்றால் கூரை ஆன்டெனாவே போதும்; சில முகாம் திடல்களில் கேபிள் இணைப்புத் தருவார்கள்; இரண்டும் எட்டாத இடத்தில் டிஷ் கைகொடுக்கும்; மரமோ கனமழையோ டிஷ்ஷையும் மறைத்துவிட்டால் இணையம் வழியாக வருவதும் பென் டிரைவில் இருப்பதும்தான் மிச்சம். எல்லாக் கேபிள்களையும் ஓரிடத்தில் கூட்டிவிட்டால் எல்லாப் படமும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் இந்த வேலையில் தவறுகிறார்கள். வேண்டிய சிக்னலை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். எந்தக் கேபிளில் சிக்னலோடு மின்சாரமும் ஓடுகிறது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை கடினமல்ல.

கருவி எதையும் வாங்குவதற்கு முன்பு, கூரையிலிருந்து இறங்கும் கேபிள்கள் எங்கே போகின்றன, எந்தச் சுவரில் எந்த இணைப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். பழைய வண்டிகளில் மெல்லிய ஆர்ஜி-59 கேபிள் ஓடியிருக்கலாம். புதிதாக இழுப்பதாக இருந்தால் 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளையே பயன்படுத்துங்கள்; உயர் அதிர்வெண்களில் அது குறைவாகவே சிக்னலை இழக்கும்.

முதலில் ஆன்டெனாவைக் கவனிப்போம். கூரை ஆன்டெனாக்கள் பலவற்றின் தலைப்பகுதியிலேயே சிக்னலை வலுப்படுத்தும் பூஸ்டர் இருக்கும். அதற்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் தனிக் கம்பியில் போவதில்லை. படத்தைக் கீழே கொண்டுவரும் அதே கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி வழியாகத்தான் மேலே போகிறது. சுவரில் உள்ள இணைப்புப் பலகையில் சிறு விளக்கோடு இருக்கும் பொத்தான் அந்த மின்சாரத்தைச் செலுத்துவதற்கானது. ஆகவே அந்தச் சுவர்ப் பலகைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் ஒரு சிக்னலைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் மின்சாரம் மேலே போய்ச் சேராமல் தடைபடலாம். பிரிப்பதாக இருந்தால் பலகைக்குப் பின், தொலைக்காட்சிப் பக்கத்தில்தான் பிரிக்க வேண்டும். பலகைகள் பலவற்றில் இதே பொத்தான்தான் தேர்வு செய்யும் வேலையையும் செய்கிறது: விளக்கு எரிந்தால் ஆன்டெனா, அணைந்தால் வெளியிலிருந்து வரும் கேபிள். முகாமில் கேபிளை மாட்டிய பிறகும் சேனல் ஒன்றும் வரவில்லை என்றால் தொலைக்காட்சியைச் சந்தேகிக்கும் முன் இந்த விளக்கைப் பாருங்கள். நான் ஒரு மாலை முழுவதையும் கேபிளின் முனைகளை மாற்றிப் போடுவதில் கழித்த பின்தான் இதைக் கற்றேன்.

பலகையில் அத்தகைய வசதி இல்லையென்றால், இரண்டு உள்ளீடும் ஒரு வெளியீடும் உள்ள சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அதற்குப் பதிலாக ஸ்பிளிட்டரைத் தலைகீழாக மாட்டி ஆன்டெனாவையும் கேபிளையும் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். இரண்டும் ஒரே அதிர்வெண்களைப் பயன்படுத்துவதால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இரண்டும் கெடும். அதோடு கேபிளில் வரும் சிக்னல் உங்கள் ஆன்டெனா வழியாக வெளியே கசிந்து பக்கத்து வண்டிகளுக்கும் தொல்லை தரலாம்.

டிஷ் வேறு வகை. அதன் முகத்திலுள்ள எல்என்பி என்ற சிறு கருவி, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வீச்சுக்கு இறக்கித் தருகிறது. ஆன்டெனா சேனல்கள் இதற்குக் கீழே இருக்கின்றன. ஆகவே டைப்ளெக்ஸர் என்ற சிறு கருவியைக் கொண்டு இரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பி மறுமுனையில் பிரித்தெடுக்க முடியும். வீடுகளில் இது நன்றாகவே நடக்கிறது. மோட்டார்ஹோமில்தான் சிக்கல். செட் டாப் பாக்ஸ் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. ஆன்டெனா பூஸ்டரோ 12 வோல்ட் கேட்கிறது. ஒரே நடுக்கம்பியில் இரண்டு மின்னழுத்தங்கள் போக முடியாது. டைப்ளெக்ஸர் டிஷ் பக்கம் மட்டும் மின்சாரத்தை விட்டால் பூஸ்டர் உறங்கும். இரு பக்கமும் விட்டால் பூஸ்டர் கெட்டுப்போகலாம். கூரையில் துளையிடத் தயங்கி ஒரே கேபிளில் சமாளிக்க நினைப்பது புரிகிறது. ஆனாலும் டிஷ்ஷுக்குத் தனிக் கேபிள் இழுத்து, துளையை நீர்புகாத மூடியாலும் பசையாலும் அடைப்பதே என் உறுதியான பரிந்துரை. அறைக்கு ஒன்றாக இரண்டு பாக்ஸ்கள் வைப்பதாக இருந்தால் இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியும் இரண்டு கேபிள்களும் தேவை. சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்தால் ஒரு பாக்ஸ் 13 வோல்ட்டும் மற்றது 18 வோல்ட்டும் கேட்கும் நேரத்தில் ஒன்றில் படம் போய்விடும்.

ஸ்பிளிட்டர் இலவசமாகப் பிரித்துத் தருவதில்லை. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் ஏறக்குறைய 3.5 டெசிபலும், நான்காகப் பிரித்தால் ஏறக்குறைய 7 டெசிபலும் குறையும். எத்தனை தொலைக்காட்சிகளோ அத்தனை கிளைகள் போதும். காலியாக நிற்கும் முனையில் டெர்மினேட்டர் எனப்படும் 75 ஓம் மூடியைத் திருகிவிடுங்கள்.

பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், டிஸ்க் பிளேயர் ஆகியவை எச்டிஎம்ஐ வழியாகப் பேசுபவை. ஒரே தொலைக்காட்சிதான் என்றால் நேரே அதன் பின்னால் மாட்டிவிடலாம். முனைகள் போதாவிட்டால் பல உள்ளீடும் ஒரு வெளியீடும் உள்ள எச்டிஎம்ஐ சுவிட்ச் போதும். முன்னறையிலும் படுக்கையறையிலும் வெவ்வேறு நிகழ்ச்சி பார்க்க வேண்டுமானால் எந்த உள்ளீட்டையும் எந்தத் தொலைக்காட்சிக்கும் அனுப்பக்கூடிய மேட்ரிக்ஸ் என்ற கருவி வேண்டும். எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் இரண்டிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். 4கே படத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 5 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம்; அதற்கு மேல் போக கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிளும் அதன் இரு முனைகளிலும் மாட்டும் எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கருவிகளும் உதவும். வழியில் உள்ள கருவிகளில் ஒன்று எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்காத பழையதாக இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட 4கே படம் கறுப்புத் திரையாகிவிடும் அல்லது தரம் குறைந்து வரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 12 வோல்ட் என்று நாம் சொல்லும் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறக்கூடும். தொலைக்காட்சியும் பாக்ஸும் அதைத் தாங்குமா என்று பார்த்து, தாங்காதென்றால் மின்னழுத்த நிலைப்படுத்திக் கருவி ஒன்றை இடையில் வையுங்கள். இன்வெர்ட்டர், சோலார் கட்டுப்படுத்தி, மலிவான எல்இடி விளக்குகள் ஆகியவை எழுப்பும் இரைச்சல் ஆன்டெனா சேனல்களைத் துண்டாக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

சோதனையையும் இதே பொறுமையோடு செய்யுங்கள். ஒவ்வொரு சிக்னலையும் முதலில் இடையில் எதுவுமின்றி நேரே தொலைக்காட்சியில் கொடுத்துப் பாருங்கள். படம் நன்றாக வந்த பிறகு சுவிட்சையும் ஸ்பிளிட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். இடையில் படம் கெட்டால் கடைசியாகச் சேர்த்ததில்தான் குறை. கோபுரத்துக்கு மிக அருகில் நிற்கும்போது பூஸ்டரே சிக்னலை அளவு மீறி ஏற்றிப் படத்தைக் கெடுக்கும் என்பதால், அங்கே அதை அணைத்தும் பார்க்க வேண்டும். புதிய இடத்தில் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் சேனல் தேடலைத் தனித்தனியே நடத்துங்கள். உயர்த்தி வைக்கும் ஆன்டெனா என்றால், அதை இறக்கச் சொல்லும் சிவப்பு நாடா ஒன்றை ஸ்டியரிங்கில் கட்டிவைத்து, கூரை காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகே அவிழ்த்து வண்டியை எடுங்கள்.